பிரிட்டன் ராணுவத்தில் தன்பாலீர்ப்பாளர்களுக்குத் தடை இருந்தது உண்மையா? எப்போது நீங்கியது?

உண்மைதான், 2000 ஜனவரி வரை இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது நிறைந்த ஆண்கள் சம்மதத்தோடு தனிமையில் கொள்ளும் தன்பாலுறவு 1967-லேயே குற்றப் பட்டியலிலிருந்து நீங்கியது. ஆனால் அந்தச் சட்டம் படையினருக்குப் பொருந்தவில்லை.

தடை காகிதத்தோடு நிற்கவில்லை என்பதுதான் கொடுமை. சந்தேகம் வந்தால் ராணுவப் போலீஸ் அறைக்குள் புகுந்து கடிதம், டைரி எல்லாவற்றையும் கிளறும். படுக்கையறை விஷயங்களைத் துருவித் துருவிக் கேட்கும். வேலையில் குறையே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஃபாக்லாந்து போரில் பணியாற்றிய கடற்படை ரேடியோ ஆபரேட்டர் ஒருவரை 1993-ல் வெளியேற்றியபோது, நீண்டகால நற்சேவைக்கான பதக்கத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். அது அவர் கைக்குத் திரும்ப 2020 ஆனது. எனக்கு இது மன்னிக்க முடியாத அற்பத்தனமாகவே படுகிறது.

தன்பாலீர்ப்பாளர்கள் உடன் இருந்தால் மற்ற படையினரின் மன உறுதி குலையும் என்பதுதான் அரசு சொன்ன காரணம். வெளியேற்றப்பட்டவர்கள் உள்நாட்டு நீதிமன்றங்களில் தோற்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார்கள். அந்தக் காரணம் சக வீரர்களின் வெறுப்பைத்தான் காட்டுகிறது, அது போதாது என்று 1999 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. சில மாதங்களில் தடை போனது. அரசு சொன்ன குழப்பம் எதுவும் வரவில்லை.

அப்புறம் 2023 ஜூலையில் பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இழப்பீட்டுத் திட்டம் 2024 டிசம்பரில்தான் வந்தது.