பழைய லேப்டாப்பில் விண்டோஸை அழிக்காமல் லினக்ஸும் போட முடியுமா?

நீங்கள் சொன்ன விவரம் இது: 2013இல் வாங்கிய லேப்டாப், மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், இப்போது ஓடுவது விண்டோஸ் 10. அப்பா அதில் டேலியில் கணக்கு எழுதுகிறார், அதனால் விண்டோஸ் இருந்தே ஆக வேண்டும். உங்களுக்குக் கல்லூரிப் பாடத்துக்கு லினக்ஸ் வேண்டும். ஒரே டிஸ்க்கில் இரண்டையும் போட்டால் பிரச்சினை வருமா?

போடலாம், ஓடும். ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் அப்பாவின் டிஸ்க்கைத் தொடவே மாட்டேன். ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகமான டிஸ்க்) வாங்கி லினக்ஸை அதில் தனியாகப் போட்டுவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கை டிவிடி டிரைவ் இருக்கும் இடத்துக்கு மாற்றிவிடுவேன்.

பழைய லேப்டாப் என்றாலே "எந்த லினக்ஸ் லேசாக ஓடும்" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் காலத்து ஐ3 இன்றைக்கும் அவ்வளவு மோசமில்லை. ஆளைக் காத்திருக்க வைப்பது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். ஒரே பெரிய கோப்பைப் படிக்கச் சொன்னால் நொடிக்கு 100 எம்பி வரை தரும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கச் சொன்னால் 1 எம்பிக்கே மூச்சு வாங்கும். லேப்டாப் பூட் ஆவதும் (ஆன் செய்ததும் விண்டோஸோ லினக்ஸோ ஏறுவது) பிரௌசர் திறப்பதும் இந்த இரண்டாவது வகை வேலை. அதே டிஸ்க்கில் ஒரு மூலையில் லினக்ஸைப் போட்டால் அதுவும் அதே மெதுவில்தான் ஓடும். அப்புறம் லினக்ஸைக் குறை சொல்வீர்கள்.

டிவிடி இடத்தில் ஹார்ட் டிஸ்க்கை வைக்க ஒரு சட்டகம் வேண்டும். கடையில் 'ஹார்ட் டிஸ்க் கேடி' என்று கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும், சில நூறு ரூபாய்தான். 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு கனத்தில் வருகிறது. உங்கள் டிவிடி டிரைவைக் கழற்றி அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூ, அதை எடுத்தால் டிரைவ் வெளியே உருவி வந்துவிடும்.

முதலில் கேடியை மட்டும் வாங்கி, ஹார்ட் டிஸ்க்கை அதில் போட்டு விண்டோஸ் பூட் ஆகிறதா என்று பாருங்கள். சில லேப்டாப்களின் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) அந்த இடத்திலிருந்து பூட் செய்ய மறுக்கும். அது தெரிந்த பிறகு எஸ்எஸ்டிக்குப் பணம் போடுங்கள். எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க் இருந்த பழைய இடத்துக்குத்தான் போக வேண்டும், கேடிக்கு அல்ல. டிவிடிக்கான இணைப்பு பல மாடல்களில் பாதி வேகம்தான். 240 ஜிபி எஸ்எஸ்டி உங்களுக்குத் தாராளம்.

லினக்ஸை நிறுவும்போது ஹார்ட் டிஸ்க்கை முழுவதுமாக வெளியே எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள். உள்ளே எஸ்எஸ்டி மட்டும் இருந்தால் எந்தப் பொத்தானைத் தவறாக அழுத்தினாலும் அப்பாவின் கணக்கு போகாது. நிறுவி முடித்ததும் டிஸ்க்கைக் கேடியில் மாட்டி உள்ளே தள்ளுங்கள். லேப்டாப் தானாக லினக்ஸில் ஏறும். டேலி வேண்டும் என்கிறபோது ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையைத் தட்டி (எஃப்9, எஃப்12, எஸ்கேப், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் போதும். விண்டோஸ் அப்டேட் வந்து லினக்ஸ் பூட் ஆவதைக் கலைப்பது, லினக்ஸை நீக்கினால் விண்டோஸ் ஏறாமல் நிற்பது என்ற சண்டையெல்லாம் இதில் கிடையாது. மாடி வீடும் கீழ் வீடும் தனித்தனி மீட்டர் வைத்துக்கொண்டது மாதிரி.

ஒரு விதிவிலக்கு: அப்பா நாள் முழுக்க டேலியில் உட்காருபவர், நீங்கள் வாரத்துக்கு ஓரிரு முறைதான் லினக்ஸைத் தொடுவீர்கள் என்றால் கதை மாறும். அப்போது எஸ்எஸ்டி அவருக்குப் போவதுதான் நியாயம். விண்டோஸை அதற்கு குளோன் செய்துவிட்டு (அப்படியே நகலெடுத்துவிட்டு), ஹார்ட் டிஸ்க்கில் லினக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டிக்கு இப்போது வழியில்லை, ஒரே டிஸ்க்கில்தான் போட வேண்டும் என்றால் சில விஷயங்கள். டேலி டேட்டாவைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள், அது இல்லாமல் அடுத்த அடி வேண்டாம். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை அணையுங்கள். அது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, பாதி உறக்கத்தில் கிடக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எதையும் எழுத முடியாது. இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் 'ஷ்ரிங்க்' (சி டிரைவைச் சுருக்குவது) கொடுத்தே செய்யுங்கள். 60 ஜிபி போதும்.

உங்கள் லேப்டாப் விண்டோஸ் 7உடன் வந்ததா, 8உடன் வந்ததா? 2013இல் இரண்டும் விற்றன. இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 8உடன் வந்தது என்றால் அநேகமாக யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்), டிஸ்க்கைப் பிரிப்பதும் ஜிபிடி என்ற புதிய முறை. பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) எண்ணிக்கையில் தொல்லை இல்லை. 7 என்றால் பெரும்பாலும் பழைய எம்பிஆர் முறை. அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் முடியாது. பூட் ஆவதற்கு ஒன்று, சி டிரைவ், ரிக்கவரி (விண்டோஸைப் பழையபடி மீட்கும் பகுதி), கம்பெனியின் கருவிகளுக்கு ஒன்று என்று நான்கையும் நிரப்பித்தான் பல லேப்டாப்களைக் கடைக்கு அனுப்பினார்கள். அப்போது காலி இடம் இருந்தும் லினக்ஸ் இன்ஸ்டாலர் அதைப் பயன்படுத்த முடியாது என்று சொல்லும். விண்டோஸில் ஐந்தாவது பார்ட்டிஷன் போடப் பார்த்தால், டைனமிக் டிஸ்க்காக மாற்றச் சொல்லி அது ஒரு யோசனை தரும், தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். ரிக்கவரியை நகலெடுத்துவிட்டு அந்த நான்கில் ஒன்றை நீக்குவதுதான் வழி. எந்த முறை என்று பார்க்க, விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'லெகசி' (பழைய முறை) என்று இருந்தால் லினக்ஸை நிறுவும் பென் டிரைவையும் லெகசியிலேயே பூட் செய்யுங்கள். ஒன்று லெகசி, ஒன்று யுஇஎஃப்ஐ என்றால் ஒரே மெனுவில் இரண்டும் வராது.

எந்த லினக்ஸ்? லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேமில் ஓடும், பிரௌசரில் பத்து டேப் திறந்தால் திணறும். இன்னொரு 4 ஜிபி செருக இடம் இருந்தால் டிடிஆர்3எல் வகை ரேம் வாங்கிப் போடுங்கள். வைஃபை முதலில் வேலை செய்யாவிட்டால் பதற வேண்டாம், அந்தக் காலத்துப் பிராட்காம் சிப்களில் அது வழக்கம். போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் கொடுத்து (போனின் இணையத்தை லேப்டாப்புக்குத் தருவது), டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையானதை அதுவே காட்டும்.

விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். வைரஸ் இல்லை. லேப்டாப்பின் மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை நம்மூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. தனி டிஸ்க் போட்டாலும் இது வரும், கடிகாரம் ஒன்றுதானே. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸிடம் ஒரு வரியில் சொல்லிவிடலாம். டேலியில் வவுச்சர் தேதி மாறி அப்பா கத்துவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 11 இந்த லேப்டாப்புக்கு முறைப்படி வராது. இன்டெலில் குறைந்தது எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறார்கள். எனவே விண்டோஸ் பக்கம் டேலிக்கு மட்டும் இருக்கட்டும். வங்கி, மெயில் எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஜிஎஸ்டிக்கு டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து உள்ள யுஎஸ்பி) செருகிக் கையெழுத்திடுபவர் என்றால் அதை மட்டும் விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள். லினக்ஸில் அதோடு மல்லுக்கட்ட அவருக்குப் பொறுமை இருக்காது, உங்களுக்கும் இருக்காது.