ஹெலிகாப்டர் வராத சாவடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆப்கன் ராணுவத்துக்கு அமெரிக்க ஆலோசகர்கள் இருபது வருடம் பயிற்சி கொடுத்தார்கள். எண்பது பில்லியன் டாலருக்கும் மேல் செலவு. 2021 ஆகஸ்டில் சில நாட்களிலேயே எல்லாம் சரிந்தது. அந்தச் சிப்பாய்களுக்குச் சண்டை போட மனமில்லை என்கிறார்களே, நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. தான் பதவிக்கு வந்த 2014 முதல் 45,000க்கும் மேற்பட்ட ஆப்கன் படையினர் உயிரிழந்ததாக 2019 ஜனவரியில் அதிபர் அஷ்ரஃப் கனியே சொன்னார். மனமில்லாதவர்கள் இத்தனை பேர் சாகமாட்டார்கள்.

ஆலோசகராக வருபவருக்குத் தன் நாட்டு ராணுவத்தைத்தான் தெரியும். அதையே இங்கேயும் கட்ட நினைக்கிறார். ஹெலிகாப்டரையே பாருங்கள். ஆப்கன்காரர்கள் ருஷ்யத் தயாரிப்பான எம்.ஐ-17இல் பழகியவர்கள். அதன் பராமரிப்பில் பெரும்பகுதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். ருஷ்யாவிடம் வாங்குவது வாஷிங்டனுக்குப் பிடிக்கவில்லை. 2017இல் அமெரிக்க பிளாக் ஹாக்குகள் வந்து இறங்கின. அவற்றைப் பழுதுபார்க்க வெளிநாட்டு ஒப்பந்தப் பணியாளர்கள் இல்லாமல் முடியாது.

2020 பிப்ரவரியில் கத்தார் தலைநகர் தோஹாவில் கையெழுத்தான ஒப்பந்தம், படைகளோடு பயிற்சியாளர்களும் ஆலோசகர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் வெளியேற வேண்டும் என்றது. கையெழுத்திட்டவர்கள் அமெரிக்காவும் தாலிபானும். காபூல் அரசு அதில் தரப்பே இல்லை! தொலைதூர ராணுவச் சாவடிக்குத் தோட்டாவும் உணவும் வானத்திலிருந்துதான் வரும். அடிபட்டவனைத் தூக்கிப்போவதும் அதே வழிதான். இனி வராது என்று தெரிந்தபிறகு, உள்ளூர்ப் பெரியவர்கள் வந்து "ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ" என்றால் அந்தச் சாவடிச் சிப்பாய் என்ன செய்வான்? நானாக இருந்தால் போயிருப்பேன்.

கணக்கேட்டில் மட்டும் இருந்த சிப்பாய்கள் தனிக் கதை. ஆள் இல்லை, சம்பளம் மட்டும் போகும். அமெரிக்கர்கள் பயிற்சி கொடுத்த இராக் ராணுவத்திலும் இதே கதைதான். 2014இல் மோசூல் நகரம் ஐ.எஸ். இயக்கத்திடம் விழுந்தபிறகு இராக் பிரதமர் அபாதி தேடியபோதே இப்படி 50,000 பெயர்கள் கிடைத்தன. அதற்குப் பிறகாவது உஷாராகியிருக்கலாம். ஆனால் ஆலோசகர் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் மாறிப்போகிறவர். 'முன்னேற்றம்' என்று அறிக்கை எழுதிவிட்டு விமானம் ஏறுகிறார். அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குகிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க ராணுவத்தையே உருப்படியாக்கியவர் ஒரு வெளிநாட்டு ஆலோசகர்தான். அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது, 1778இல் அவர்களுடைய வேலி ஃபோர்ஜ் முகாமுக்கு வந்த ஸ்டூபென். பிரஷ்யா என்ற பழைய ஜெர்மன் நாட்டுக்காரர். ஆங்கிலம் அனேகமாகத் தெரியாது. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் திட்டுவாராம். ஐரோப்பியச் சிப்பாயிடம் 'செய்' என்றால் போதும், இங்கே ஏன் செய்யவேண்டும் என்று சொன்னால்தான் செய்கிறார்கள் என்று நண்பருக்கு எழுதினார். அப்படி எழுதியவர் பிரஷ்யக் கவாத்தை அப்படியே திணிக்காமல், இந்த ஆட்களுக்கு ஏற்றபடி சுருக்கினார். முதலில் நூறு பேரைப் பழக்கி, அவர்களை வைத்து மற்றவர்களைப் பழக்கினார்.

போர் முடிந்தும் அவர் பிரஷ்யாவுக்குத் திரும்பவில்லை. 1794இல் நியூயார்க் மாநிலத்தில்தான் இறந்தார்.