வெள்ளை ஈ தாக்கும்போது தென்னை ஓலைக்குள் என்ன நடக்கிறது?

"ஓலையில் ஓட்டையும் இல்லை, கிழிசலும் இல்லை. அப்புறம் எப்படி மரம் சோர்ந்துபோகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்தபோது எனக்கும் இதே சந்தேகம்தான்.

ஒரு கீற்றைத் திருப்பி, கைலென்ஸில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மெழுகுப் பொடிக்கு நடுவே முட்டை வடிவத்தில் தட்டையாக ஒட்டிக்கிடப்பவைதான் குஞ்சுகள். முட்டையிலிருந்து வந்ததும் கொஞ்சம் ஊர்ந்துபோய் ஓரிடத்தில் உட்காரும். அதன்பிறகு அசையாது. முடியைவிட மெல்லிய அதன் வாய் ஊசி இலைக்குள் இறங்கியிருக்கும். அந்த ஊசிக்குள் இரண்டு வழிகள்: எச்சில் போக ஒன்று, சாறு வர ஒன்று.

ஊசி செல்களைக் கண்டபடி குத்திக் கிழிப்பதில்லை. பெரும்பாலும் செல்லுக்கும் செல்லுக்கும் இடையே உள்ள சந்து வழியாகவே நுழைகிறது. போகும்போது விடும் எச்சில் இறுகி, ஊசியைச் சுற்றி உறைபோல ஆகிவிடும். கடைசியில் அது போய்ச் சேர்வது, இலை தயாரித்த சர்க்கரை ஓடும் சல்லடைக் குழாய். காயம் பட்டால் அந்தக் குழாய் புரதத்தாலும் காலோஸ் என்ற பொருளாலும் தன்னை அடைத்துக்கொள்ளும். அப்படி அடைபடாமல் இருக்க, பூச்சி நீர்த்த எச்சிலை உள்ளே விடுகிறது. குழாயில் ஏற்கெனவே அழுத்தம் அதிகம் என்பதால் சாறு தானாகவே மேலேறி வரும்.

மிளகாய்ச் செடியில் வரும் இலைப்பேனின் வேலை வேறு மாதிரி. அது மேற்புறச் செல்களைச் சுரண்டி, உள்ளிருப்பதைப் பசுங்கணிகத்தோடு உறிஞ்சிவிடும். காலியான செல்லில் காற்று புகுவதால்தான் இலையில் வெள்ளிபோல மினுக்கம் தெரியும். தென்னையில் வெள்ளை ஈ செல்லைக் காலி செய்வதில்லை, மரத்தின் சர்க்கரையைத் திருடுகிறது. அதனால்தான் உங்கள் கண்ணுக்குக் காயம் தெரியவில்லை.

அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், அமினோ அமிலமோ கொஞ்சம்தான். தேவையான அமினோ அமிலம் கிடைக்கவே பூச்சி நிறையச் சாறு குடிக்க வேண்டும். மிஞ்சும் சர்க்கரையைத் தேன்போன்ற கழிவாகக் கீழே சொட்டவிடும். கீழ் மட்டைகளின் மேற்பரப்பில் அது பிசுபிசுவென்று படிந்து, அதன்மேல் கரும்பூஞ்சை வளரும். பூஞ்சை இலைக்குள் போவதில்லை. மேலே கறுப்புத் திரை போட்டு வெயிலை மறைக்கிறது. மேலே சர்க்கரை பறிபோகிறது, கீழே சர்க்கரை செய்யும் வேலையே குறைந்துபோகிறது. மரம் சோர்வது இந்த இரண்டும் சேர்ந்துதான்.

தயவுசெய்து அவசரப்பட்டுப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். என்கார்சியா என்ற சிறு குளவி இந்தக் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கிறது. மருந்து முதலில் கொல்வது அந்தக் குளவியைத்தான். கரும்பூஞ்சைக்கு மைதாப் பசைக் கரைசலைத் தெளித்தால், காய்ந்ததும் அது ஏடு ஏடாக உரிந்து விழும். இன்னொரு தடவை லென்ஸில் பாருங்கள். குஞ்சுகள் கறுத்திருந்தால், குளவி ஏற்கெனவே உங்கள் தோப்புக்கு வந்துவிட்டது. அந்த ஓலைகளை வெட்டி எரித்துவிடாதீர்கள்.