பூமிக்காகக் கடன் வாங்கி மின்சார கார் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஒரு மகள். ஓய்வூதியப் பிடித்தம் போக, எங்கள் இருவர் கையிலும் மாதம் வருவது 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 28, சாப்பாட்டுச் சாமான்கள் 18, மகளின் படிப்பு 10, பழைய பெட்ரோல் கார் 6, என் பெற்றோருக்கு 5, வீட்டைச் சுத்தம் செய்ய வருபவருக்கு 2, கிரெடிட் கார்டு பாக்கிக்கு மினிமம் 5, மற்ற செலவுகள் 14. மீதி 12 நிற்கிறது. கார்டில் பாக்கி 60 இருக்கிறது. அவசரத்துக்கென்று கையிருப்பு 50. வருடா வருடம் போனஸ் வந்ததும் மூவரும் விமானத்தில் வெளிநாடு போய் வருவோம்.

பருவநிலை மாறிக்கொண்டே போவதும், இல்லாதவர்கள்தான் அதில் அதிகம் அடிபடுகிறார்கள் என்பதும் என்னைத் தூங்கவிடுவதில்லை. மீதமாகும் 12ஐ இதற்காகவே செலவிட ஆசை. காரை விற்றுவிட்டுக் கடனில் மின்சார கார் எடுக்கலாமா? சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்வதாகச் சொல்லும் நிறுவனங்களில் முதலீடு செய்யும் பசுமை ஃபண்டில் போடலாமா? மாதம் ஒரு சிறு தொகை கட்டினால், நாம் வெளியேற்றும் கார்பனை வேறெங்கோ காடு காப்பது போன்ற வேலைகளால் ஈடு செய்துவிடுவதாக ஒரு செயலி சொல்கிறது, அதில் சேரலாமா? “நீ ஒருத்தி செய்து என்ன ஆகப்போகிறது?” என்று கணவர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: உங்கள் கணக்கை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட மூன்று விஷயங்களைவிட, நீங்கள் கேட்காமல் போகிறபோக்கில் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் பெரியவை. ஒன்று அந்த வருடாந்தரப் பயணம். இன்னொன்று, “வீட்டைச் சுத்தம் செய்ய வருபவருக்கு 2” என்ற அந்த ஒரு வரி. இரண்டுக்கும் வருகிறேன்.

முதலில் கார்டு. இதில் யோசிக்க எதுவும் இல்லை. மாதம் இரண்டரை சதவீத வட்டி என்று வைத்தாலே, நீங்கள் கட்டும் 5இல் ஒன்றரை வட்டிக்குப் போகிறது. மீதமாகும் 12இல் 9ஐ இதோடு சேர்த்து மாதம் 14ஆகக் கட்டுங்கள். புதிதாக அதில் எதுவும் வாங்காமல் இருந்தால் ஐந்தே மாதத்தில் பாக்கி தீர்ந்துவிடும். அந்த வட்டியைக் கட்டிக்கொண்டே பசுமை ஃபண்டில் பணம் போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது மாதிரி. கடனில் இருப்பவரின் நல்லெண்ணம், வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்ததும் முதலில் நின்றுபோகும். அப்படி நின்றுபோன நன்கொடைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கார் விஷயத்துக்கு வருவோம். ஆயுள் முழுக்கக் கணக்குப் பார்த்தால் பெட்ரோல் காரைவிட மின்சார கார் நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் பேட்டரியைத் தயாரிக்கும்போதே நிறையக் கரியமில வாயு வெளியாகிவிடுகிறது. அந்தக் கடனை அந்த கார் ஓடி ஓடித்தான் அடைக்க வேண்டும். உங்கள் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறதா, காற்றிலும் வெயிலிலும் இருந்து வருகிறதா என்பதைப் பொறுத்து, அதற்குச் சில பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஆகலாம். நீங்கள் எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. எரிபொருள், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்தே 6 பங்குதான் என்பதால், வருடத்துக்கு ஒரு 4,000 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் சுமார் 267 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு. ஆக வருடத்துக்கு 600 கிலோ சொச்சம்.

அப்புறம் அந்தப் பயணம். எட்டு மணி நேர விமானப் பயணம் போய்த் திரும்பினால், சாதாரண வகுப்பில் ஒருவர் பங்குக்கு ஏறத்தாழ 1 டன் வரும். மூன்று பேருக்கு 3 டன். அதாவது உங்கள் காரின் ஐந்து வருட ஓட்டம், ஒரே விடுமுறையில் முடிந்துவிடுகிறது. உலக மக்களில் ஏறத்தாழ 11 சதவீதம் பேர்தான் 2018இல் விமானம் ஏறினார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. நமக்குச் சாதாரணமாகிவிட்ட ஒன்று உலகத்துக்கு எவ்வளவு அபூர்வம் என்பது அதில் தெரியும். பயணமே போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மகளுக்கு உலகத்தைக் காட்ட வேண்டும் என்பது நல்ல ஆசை. ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் போங்கள். போகாத வருடம் ரயில் போகும் தூரத்துக்குள் எங்காவது போய் வாருங்கள். கடன் இல்லாமல், வட்டி இல்லாமல், புது கார் இல்லாமல், கார் விஷயத்தில் நீங்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு கரியமில வாயு குறைந்துவிடும். மிச்சமாகும் போனஸ் கையிருப்பாக நிற்கும். இப்போதைய கார் உண்மையிலேயே ஓயும் நாளில், முன்பணம் சேர்த்து மின்சார காராக எடுங்கள்.

இனி, நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான வரி. 100இல் 2.

உலகத்தில் ஏழரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பிறர் வீடுகளில் வேலை செய்கிறார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2021 அறிக்கைப்படி அவர்களில் நான்கில் மூன்று பேர் பெண்கள். பத்தில் எட்டுப் பேருக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் சமூகக் காப்பீடும் எட்டாத முறைசாரா வேலை. இவர்களுக்கும் மற்ற தொழிலாளர்களைப் போல வார ஓய்வும் தெளிவான வேலை நிபந்தனைகளும் உண்டு என்று சொல்லும் 189ஆம் உடன்படிக்கையை அதே அமைப்பு 2011இலேயே நிறைவேற்றிவிட்டது. ஆனால் அந்த உடன்படிக்கை ஒரு வீட்டின் கதவைத் தாண்டி உள்ளே வருவதும் வராததும் பெரும்பாலும் அந்த வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் அது உங்கள் கையில்.

நீங்கள் பயணம் போகும் வாரங்களில் அவருக்குச் சம்பளம் உண்டா? கடும் வெயில் எச்சரிக்கை வந்த நாளிலோ, வெள்ளத்தில் பாதை மூழ்கிய நாளிலோ அவர் வர முடியாமல் போனால் அன்றைய கூலி உண்டா? கடைசியாக எப்போது கூட்டிக் கொடுத்தீர்கள்? இதை நான் குற்றம் சாட்டக் கேட்கவில்லை. என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலோர் இதை யோசித்ததே இல்லை. சொந்தச் சம்பள உயர்வு தாமதமானால் மூன்று மாதம் புலம்புகிறோம். நம்மிடம் சம்பளம் வாங்குபவருக்கு ஐந்து வருடமாக அதே தொகை என்பது கண்ணில் படுவதில்லை.

நீங்கள் கவலைப்படும் பருவநிலையும் ஏற்றத்தாழ்வும் உங்கள் வரவு செலவில் ஒன்றாகச் சந்திக்கும் இடம் இதுதான். அனல் காற்று அடித்தால் நீங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்துவிடுவீர்கள். அவர் நடந்து வர வேண்டும், இல்லையென்றால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அந்த இழப்பை ஈடுகட்ட அவர் வாங்கும் கைமாற்றுக்கு வட்டி உங்கள் கார்டு வட்டியைவிட அதிகமாக இருக்கும். வானிலை அவருக்குக் கடனாக மாறுவது இப்படித்தான்.

2ஐ இரண்டரை ஆக்குங்கள். உங்களுக்கு அது அரைப் பங்கு. அவருக்கு உங்கள் வீட்டிலிருந்து வரும் வருமானத்தில் 25 சதவீத உயர்வு. இன்னொரு அரைப் பங்கை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள்: நீங்கள் ஊரில் இல்லாத நாட்கள், அவர் நோயில் படுக்கும் நாட்கள், வெயிலும் வெள்ளமும் வரவிடாத நாட்கள், இவற்றுக்கான சம்பளம் அதிலிருந்து. ஒவ்வொரு வருடமும் விலைவாசி ஏறுகிற அளவாவது ஏற்றுங்கள். சம்பளத் தேதி தவறக் கூடாது. உங்களுக்கு இரண்டு நாள் தாமதம் என்பது மறதி, அவருக்கு வாடகை பாக்கி. உங்கள் நாட்டில் வீட்டு வேலை செய்வோருக்கான காப்பீடோ ஓய்வூதியத் திட்டமோ இருந்தால், அதில் அவர் சேர்வதற்கான படிவத்தை நீங்களே உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். பணமே தேவைப்படாத உதவி அது.

இதே கண்ணோடு மற்ற சின்னக் கணக்குகளையும் பாருங்கள். தையல்காரர், குழாய் சரிசெய்பவர், மகளுக்குப் பாடம் சொல்லித் தருபவர், இவர்களுக்கெல்லாம் வேலை முடிந்த அன்றே கொடுத்துவிடுவது நல்ல பழக்கம். துணி வாங்குவதிலும் இது இருக்கிறது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஏற்றுமதித் துணி தைத்தவர்கள். சுவரில் விரிசல் தெரிந்தபிறகும், முந்தைய நாள் வெளியேற்றப்பட்டவர்களை மறுநாள் உள்ளே அனுப்பியிருந்தார்கள். கெடு தேதிக்குள் மலிவாக முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி அந்தத் தொழிலில் அப்படி. குறைவாக வாங்கி, கிழிந்தால் தைத்து, நீண்ட நாள் உடுத்தினால் தண்ணீரும் மின்சாரமும் மிச்சம். மலிவையும் வேகத்தையுமே நம்பி ஓடும் அந்த அவசரத்துக்கும் உங்கள் பணம் போகாது.

சாப்பாட்டுச் சாமான் 18இல் ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். இரண்டு வாரம், குப்பைக்குப் போவதையெல்லாம் எழுதிவையுங்கள். 2022இல் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணானது என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளில் என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. எழுதிப் பார்த்த குடும்பங்கள் பொதுவாக அடுத்த மாதமே குறைவாக வாங்குகின்றன.

பசுமை ஃபண்ட் பற்றிக் கேட்டீர்கள். இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். சந்தையில் ஒரு பங்கை வாங்கும்போது உங்கள் பணம் அந்த நிறுவனத்துக்குப் போவதில்லை, அதை விற்ற இன்னொரு முதலீட்டாளருக்குப் போகிறது. நிறுவனத்துக்குப் புதிதாகப் பணம் போவது வங்கிக் கடன், கடன் பத்திரம், அது புதிதாக வெளியிடும் பங்குகள் ஆகியவை வழியாகத்தான். 2008இல் உலக வங்கி பசுமைப் பத்திரம் வெளியிட்டபோது, திரட்டிய பணம் எந்த வகைத் திட்டங்களுக்குப் போகும் என்பதைச் சொல்லியே வெளியிட்டது. அதுபோலத் தெளிவு எங்கே இருக்கிறதோ அங்கே போடுங்கள். ‘சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்’ என்று மதிப்பெண் போடும் பல முறைகள், அந்த நிறுவனம் உலகத்துக்கு என்ன செய்கிறது என்பதை அளப்பதில்லை. உலகத்தில் நடப்பதால் அந்த நிறுவனத்தின் லாபத்துக்கு என்ன ஆபத்து என்பதையே அளக்கின்றன. அதனால் எண்ணெய் நிறுவனமும் நல்ல மதிப்பெண் வாங்கி அந்த ஃபண்டுக்குள் வந்துவிடலாம். இப்படிப்பட்ட முதலீட்டு முறை பற்றி முதலீட்டாளர்களுக்குத் தவறான தோற்றம் தந்ததற்காக, ஜெர்மனியின் முதலீட்டு மேலாண்மை நிறுவனமான டிடபிள்யூஎஸ் குழுமத்தின் அமெரிக்க நிறுவனம் 2023இல் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையத்துக்கு 1.9 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. கட்டணத்தையும் பாருங்கள். வருடம் 8 சதவீதம் வளரும் பணத்தில் 1 சதவீதம் கட்டணமாகக் கூடுதலாகப் போனால், 25 வருட முடிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகக் கையில் நிற்கும். பெயரில் ‘பசுமை’ என்று இருப்பதற்காக மட்டும் அவ்வளவு கொடுக்காதீர்கள்.

நீங்கள் புதிதாக ஃபண்ட் தேடுவதற்கு முன், ஏற்கெனவே மாதாமாதம் பிடித்தமாகும் ஓய்வூதியப் பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள். உங்கள் குடும்பத்தின் மிகப் பெரிய சேமிப்பு அநேகமாக அதுதான். நார்வேயின் அரசு ஓய்வூதிய நிதி, வருமானத்தில் 30 சதவீதமோ அதற்கு மேலோ நிலக்கரியிலிருந்து பெறும் நிறுவனங்களை விலக்க வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் 2015இல் முடிவெடுத்தது. அப்படிப்பட்ட முடிவுகள் கேள்வி கேட்பதில்தான் தொடங்குகின்றன. உங்கள் அலுவலகத்தில் நான்கு பேர் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுங்கள்: எங்கள் பணம் எந்த நிறுவனங்களில் இருக்கிறது, பங்குதாரர் கூட்டங்களில் எங்கள் சார்பில் எப்படி வாக்களிக்கிறீர்கள், வேறு தேர்வு உண்டா. மூன்று கேள்வி போதும்.

உங்கள் கணவருக்கும் இதுதான் என் பதில். உலகத்தின் கரியமில வாயு வெளியேற்றத்தில் கிட்டத்தட்டப் பாதி, வருமானத்தில் மேலே இருக்கும் 10 சதவீதத்தினருடையது. வருடம் ஒரு முறை குடும்பத்தோடு வெளிநாடு பறக்க முடிகிறவர் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறார், அல்லது அதற்கு மிக அருகில். ஒருவர் செய்வது சின்னது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒருவர் யார் என்பதைப் பொறுத்து அதன் அளவு மாறும்.

செயலியில் சேர வேண்டாம். வெட்டவே போகாத காட்டைக் காப்பாற்றியதாகக் கணக்குக் காட்டி விற்ற கார்பன் ஈடுகள் நிறைய உண்டு. கொடுக்க விரும்பினால் ஈடு என்ற பெயரில் இல்லாமல் நன்கொடையாகவே கொடுங்கள். மீதமாகும் 12இல் கார்டுக்கு 9, வீட்டு வேலை செய்பவருக்கு உயர்வும் தனியாக எடுத்து வைப்பதும் சேர்த்து 1, நன்கொடை 1, அவசரக் கையிருப்புக்கு 1. ஐந்து மாதம் கழித்து கார்டில் விடுபடும் 14ம் கையிருப்புக்குப் போகட்டும். அங்கிருந்து பதின்மூன்று, பதினான்கு மாதத்தில் உங்களிடம் மூன்று மாதச் செலவுக்கான பணம் இருக்கும். அதன்பிறகு முதலீட்டைப் பற்றி மறுபடி எழுதுங்கள், விரிவாகப் பேசலாம்.

சம்பள உயர்வை அவரிடம் சொல்லும்போது உதவி என்ற தொனி வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு, எந்தெந்த நாட்களுக்கு வராவிட்டாலும் சம்பளம் உண்டு என்று ஒரு தாளில் அவர் படிக்கக்கூடிய மொழியில் எழுதி, இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஏதாவது வேண்டுமா என்று அவரையும் கேளுங்கள். வெயில் காலத்தில் வேலை நேரத்தைக் காலைக்கு மாற்ற முடியுமா என்றுகூட அவர் கேட்கலாம்.