வெள்ளாடுகளுக்குத் தாது உப்பு எவ்வளவு, எப்படிக் கொடுப்பது?

கேள்வி: கிடா, சினையாடு, குட்டி எல்லாம் சேர்த்து 25 வெள்ளாடுகள் வளர்க்கிறேன். கொட்டிலில் தொங்கவிட்ட உப்புக் கட்டியை அவை சீண்டுவதே இல்லை, ஆனால் மண்ணையும் கந்தல் துணியையும் தின்கின்றன. மாட்டுக்கு விற்கும் தாது உப்பைப் போடலாமா? ஒரு ஆட்டுக்கு எவ்வளவு?

பதில்:

தாது உப்பு என்பது கால்சியம், பாஸ்பரஸ், தாமிரம் போன்ற தாதுக்கள் கலந்த தூள். முதலில் அதன் அளவு. வளர்ந்த ஆட்டுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம். பால் கொடுக்கும் ஆட்டுக்கும், சினையின் கடைசி ஆறு வாரத்தில் இருக்கும் ஆட்டுக்கும் 15 முதல் 20 கிராம். அசைபோடத் தொடங்கித் தீவனம் கொறிக்கும் குட்டிக்கு 3 முதல் 5 கிராம். கலவைக்குக் கலவை செறிவு மாறும் என்பதால், பையில் ஆட்டுக்கென்று தனி அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மாட்டுக் கலவையை வெள்ளாட்டுக்கு ஆட்டின் அளவில் கொடுக்கலாம். செம்மறிக்கென்று செய்த கலவை வெள்ளாட்டுக்குப் பத்தாது, அதில் தாமிரம் சேர்க்காமலோ மிகக் குறைத்தோ இருப்பார்கள். முட்டைக் கோழிக்கான கலவை வேண்டவே வேண்டாம். அதில் ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்தை ஏற்றி வைத்திருப்பார்கள், அந்த மிகுதி துத்தநாகத்தை உடம்பில் சேரவிடாது. கொஞ்ச நாளில் தோல் செதிலாக உரியும், குளம்பு கெடும்.

மண் தின்பதைப் பார்த்ததும் தாது உப்புப் பையைத் தூக்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டின் கீழ் இமையையும் விரலால் இழுத்து உள்பக்கம் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால், அதோடு தாடைக்குக் கீழே நீர் கோத்த வீக்கமும் இருந்தால், இரத்தம் உறிஞ்சும் குடற்புழுதான் பெரும்பாலும் காரணம். வயிற்றில் புழுவை வைத்துக்கொண்டு மேலே தாது உப்பைக் கொட்டினால் பணம்தான் போகும். புழு நீக்கிய பிறகும் மண், எலும்பு, துணி, பிளாஸ்டிக் என்று தேடித் தின்றால், பாஸ்பரஸ் குறைவு, சாப்பாட்டு உப்புக் குறைவு, நார்த்தீவனம் போதாமை ஆகிய மூன்றையும் சந்தேகப்படலாம்.

இப்போது கட்டி. மாட்டின் நாக்கு அரம் போன்றது, ஒரு கட்டியை ஒரு மாதத்தில் கரைத்துவிடும். ஆட்டின் நாக்கு சிறியது, மென்மையானது. கெட்டியாக அழுத்திய கட்டியில் நாளெல்லாம் நக்கினாலும் தேவையான அளவு உள்ளே போகாது. சில ஆடுகள் பொறுமையிழந்து கடித்துப் பார்க்கும், பல்தான் தேயும். போதாக்குறைக்குப் பல கட்டிகள் 95 சதவீதத்துக்கு மேல் வெறும் சாப்பாட்டு உப்புதான், சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. அந்த இரும்பு ஆட்டின் உடம்பில் பெரிதாகச் சேராது. சேரும் சிறிதளவும் தாமிரத்தோடு மல்லுக்கு நிற்கும். ஆகவே வெள்ளாட்டுக்குத் தூளாகக் கொடுப்பதே சரி என்பேன்.

தூளைக் கொடுக்க இரண்டு வழி உண்டு. அடர்தீவனத்தில் (தானியம், தவிடு போன்றவற்றின் கலவை) கலப்பது ஒன்று, தனியாக வைத்து ஆடு விருப்பப்படி தின்ன விடுவது இன்னொன்று.

அடர்தீவனத்தில் 100 கிலோவுக்கு 2 கிலோ தாது உப்பும் 1 கிலோ சாப்பாட்டு உப்பும் கலப்பது வழக்கமான கணக்கு. இந்தக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாளுக்கு 250 கிராம் அடர்தீவனம் தின்னும் ஆட்டுக்கு இதில் கிடைக்கும் தாது உப்பு 5 கிராம் மட்டுமே. "கலந்துதான் போடுகிறேன்" என்று சொல்லும் பண்ணையிலும் முடி வெளுத்து ஆடுகள் நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மீதி 5 முதல் 10 கிராமை அன்றாடத் தீவனத்தின் மேல் தூவியோ, தனித் தொட்டியிலோ கொடுத்தாக வேண்டும்.

கலக்கும் முறையும் முக்கியம். 2 கிலோ தூளை நேரே 100 கிலோ குவியலில் கொட்டி மண்வெட்டியால் புரட்டினால் ஒரு ஓரத்தில் திரளாகவும் மறு ஓரத்தில் ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் 2 கிலோ தூளோடு 2 கிலோ தவிட்டைக் கையால் நன்றாகப் பிசறுங்கள். அந்த 4 கிலோவோடு இன்னொரு 4 கிலோ, பிறகு 8 கிலோ என்று இரட்டித்துக்கொண்டே போய்க் கடைசியில் மொத்தக் குவியலோடு சேருங்கள். தாமிரம், செலினியம் போன்றவை மில்லிகிராம் கணக்கில் வேலை செய்பவை. ஒரே ஆட்டின் வாயில் அந்தத் திரள் போனால் அது மருந்தாக இருக்காது. தண்ணீரில் கரைத்து வைப்பதும் பயன்படாது, பாதி அடியில் படிந்துவிடும்.

தனித் தொட்டிக்கு 3 அங்குல பிவிசி குழாய் போதும். ஏறக்குறைய இரண்டடிக் குழாயின் அடியில் ஒய் வடிவ மூட்டைப் பொருத்தி, அதன் கீழ்வாயை மூடியால் அடைத்து, பக்கவாய் மேல்நோக்கி நிற்கும்படி தூணில் கட்டுங்கள். மேலே தூளைப் போட்டு மூடி போட்டுவிட்டால், தின்னத் தின்னப் பக்கவாயில் இறங்கிக்கொண்டே இருக்கும். வாய், வளர்ந்த ஆட்டின் நெஞ்சு மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். தாழ்த்தினால் புழுக்கை விழும், புழுக்கை விழுந்த தூளை வெள்ளாடு திரும்பிக்கூடப் பார்க்காது. குட்டிகள் ஏறி நிற்க ஒரு கல் போடுங்கள். 25 ஆட்டுக்கு இரண்டு குழாய், கொட்டிலின் இரண்டு மூலையில். ஒன்றே ஒன்று வைத்தால் பெரிய ஆடு ஒன்று அதன் முன்னால் காவல் நிற்கும், பலவீனமான ஆடுகளுக்குத்தான் தேவை அதிகம் என்றாலும் அவை கிட்டே வராது. மழைச்சாரல் படாத இடமாக இருக்க வேண்டும்.

சாப்பாட்டு உப்பு கலக்காத தாது உப்புத் தூள் ஆட்டுக்கு ருசிக்காது. சம அளவு சாப்பாட்டு உப்பைக் கலந்து வையுங்கள். அப்போது 25 முதல் 30 கிராம் கலவை தின்றால் தாது உப்பு 12 முதல் 15 கிராம் போகும். பையிலேயே உப்பு சேர்ந்திருந்தால் மேலும் சேர்க்க வேண்டாம். இந்தத் தொட்டி இருக்கும்போது பக்கத்தில் வெறும் உப்பை வைக்காதீர்கள். ஆடு தேடுவது உப்பைத்தான், அது தனியாகக் கிடைத்தால் தாதுவின் பக்கம் வராது. தண்ணீர் எப்போதும் தொட்டி நிறைய இருக்கட்டும்.

நெடுநாள் உப்பையே காணாத மந்தை முதல் வாரம் அள்ளி அள்ளித் தின்னும். அதனால் முதல் ஐந்தாறு நாள் வெறும் சாப்பாட்டு உப்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து அந்த ஏக்கத்தைத் தணித்துவிட்டு, பிறகு கலவையை வையுங்கள்.

அப்புறம் எடை போடுங்கள். இதை யாரும் செய்வதில்லை என்பதே எனக்குப் பெரிய வருத்தம். ஞாயிற்றுக்கிழமை 6 கிலோ உப்புக் கலவையைக் குழாய்களில் போட்டு, அடுத்த ஞாயிறு மீதியை எடுத்து நிறுத்தால் 1 கிலோ 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தின்றது 4800 கிராம். 25 ஆடு, 7 நாள், ஆக 175. வகுத்தால் ஒரு ஆட்டுக்கு நாளுக்கு 27 கிராம் கலவை, அதில் பாதி தாது உப்பு. சரியான அளவு. மந்தையில் குட்டிகள் பல இருந்தால் இரண்டு குட்டியை ஒரு ஆடாக எண்ணுங்கள். கணக்கு மிகக் குறைவாக வந்தால் தூள் ஈரத்தில் கட்டிபிடித்ததா, அசிங்கமானதா என்று பாருங்கள். கிணற்று நீரோ ஆழ்துளைக் கிணற்று நீரோ உவர்ப்பாக இருந்தாலும் ஆடு உப்புக் கலவையை ஒதுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் தனித் தொட்டியை நம்பாமல் அடர்தீவனத்தில் கலந்துவிடுவதே வழி.

கிடாக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே தவறினால் உயிர் போகும். மொத்தத் தீவனத்தில் கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்று இருப்பது நல்லது. தானியமும் தவிடும் பாஸ்பரஸ் மிகுந்தவை, கால்சியம் ஏறக்குறைய இல்லாதவை. ஒரு கிடாவுக்கு நாளுக்கு 200 கிராம் மக்காச்சோளமும் 200 கிராம் கோதுமைத் தவிடும் போட்டால், பாஸ்பரஸ் சுமார் 2.8 கிராம், கால்சியம் 0.3 கிராம். அடியோடு தலைகீழ். 20 சதவீதக் கால்சியமும் 12 சதவீதப் பாஸ்பரஸும் உள்ள தாது உப்பை 10 கிராம் சேர்த்தாலும் கால்சியம் 2.3, பாஸ்பரஸ் 4 என்றே நிற்கும். ஆக, தாது உப்பு போட்டுவிட்டேன், சிறுநீரில் கல் வராது என்று நினைப்பது தவறு. தவிட்டை 50 கிராமாகக் குறைத்து, 7 கிராம் தீவனத்தரச் சுண்ணாம்புக்கல் தூளைச் சேர்த்தால் கால்சியம் 4.7, பாஸ்பரஸ் 2.3 என்று சரியான இடத்துக்கு வரும். குதிரை மசால் போன்ற பயறுவகைத் தீவனம் தாராளமாகக் கிடைக்கும் கிடாவுக்குச் சுண்ணாம்புக்கல் தூளே தேவைப்படாது, காய்ந்த குதிரை மசால் அரைக் கிலோவில் மட்டும் ஏழு கிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், வாயும் குடலும் வெந்துவிடும். உரத்துக்கு விற்கும் பாறைப் பாஸ்பேட்டும் கூடாது, அதிலுள்ள புளூரின் பல்லையும் எலும்பையும் கெடுக்கும்.

விகிதம் கெட்டால் சிறுநீரில் கல் சேரும். பெட்டைக்குப் பெரும்பாலும் வெளியேறிவிடும். கிடாவின் சிறுநீர்க்குழாய் குறுகியது, நடுவே எஸ் வடிவில் வளைவது, நுனியில் புழுப்போன்ற மெல்லிய குழாயில் முடிவது. கல் அங்கே சிக்கும். சின்ன வயதில் காயடித்த கிடாக்களில் குழாய் முழுமையாக விரியாததால் இன்னும் மோசம். கிடா முக்கிக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு நின்றால் மலச்சிக்கல் என்று எண்ணெய் ஊற்றிக் காத்திருக்காதீர்கள். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறதா, வரவே இல்லையா என்று பாருங்கள். சில மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவர் வந்தாக வேண்டும், தாமதித்தால் மூத்திரப்பை வெடிக்கும். கொழுக்கவைக்கும் கிடாக்களுக்கு மொத்தத் தீவனத்தில் 0.5 சதவீதம் அம்மோனியம் குளோரைடு சேர்ப்பது நல்ல தடுப்பு. ஆனால் தண்ணீர் குறையாமல் குடிக்க வைப்பதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால்.

தாமிரத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து. குறைந்தால் கறுப்பு முடி செம்பட்டையாகும், வால் நுனி முடி உதிர்ந்து மீன் வால் போல் பிளந்து தெரியும், பின்னங்கால் தள்ளாடும் குட்டிகள் பிறக்கும். தீவனத்தில் தாமிரம் இருந்தும் குறைபாடு வரலாம். மாலிப்டினமும் கந்தகமும் மிகுந்த தீவனமோ தண்ணீரோ கிடைத்தால் அவை அசையிரைப்பையிலேயே தாமிரத்தைக் கட்டிப்போட்டுவிடும். இதைப் படித்துவிட்டு மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்) கையில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 30 கிலோ ஆடு, ஈரம் நீக்கிய கணக்கில், நாளுக்கு ஒரு கிலோ தீவனம் தின்னும், அதற்குத் தேவையான தாமிரம் சுமார் 15 மில்லிகிராம். மயில்துத்தத்தில் கால்பங்கு தாமிரம் என்பதால் அது வெறும் 60 மில்லிகிராம் தூள். இரண்டு விரலால் கிள்ளினாலே அதைப்போல் பல மடங்கு வந்துவிடும். ஒரு தேக்கரண்டியில் 1200 மில்லிகிராமுக்கும் மேல் தாமிரம் இருக்கும். மிகுந்த தாமிரம் ஈரலில் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் சேரும், ஒரு நாள் இரத்தம் உடைந்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போய், கண் மஞ்சளாகி ஆடு சாயும். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது கடினம். செம்மறிகளும் அதே கொட்டிலில் இருந்தால் வெள்ளாட்டுக் குழாய் அவற்றுக்கு எட்டவே கூடாது. வெள்ளாடு தாங்கும் அளவே செம்மறியைக் கொல்லும்.

செலினியமும் இப்படித்தான். ஒரு கிலோ தீவனத்தில் 0.1 முதல் 0.3 மில்லிகிராம் போதும். குறைந்தால் குட்டி விறைத்த கால்களோடு நிற்கும், தாய்க்கு நஞ்சுக்கொடி தங்கும். அதற்காகத் தாது உப்பிலும் செலினியம், டானிக்கிலும் செலினியம், மேலே ஊசியும் என்று அடுக்காதீர்கள். முடி கொட்டி, குளம்பு கழன்று விழும் அளவுக்குப் போகலாம்.

அயோடின் குறைந்தால் தொண்டையில் கழலையோடு முடியில்லாத குட்டி பிறக்கும். முட்டைக்கோஸ் கழிவும் சவுண்டல் தழையும் மிகுதியாகப் போடும் இடங்களில் இதைக் கவனியுங்கள், இரண்டும் தைராய்டைத் தடுப்பவை. கோபால்ட் குறைந்தால் அசையிரைப்பை நுண்ணுயிர்கள் வைட்டமின் பி12 செய்ய முடியாமல் ஆடு தின்னாமல் இளைக்கும்.

பால் கொடுக்கும் தாயின் கணக்கு எளிது. ஒரு லிட்டர் ஆட்டுப் பாலில் சுமார் 1.3 கிராம் கால்சியம் போகிறது. தின்பதில் பாதிகூட இரத்தத்தில் சேராது என்பதால் 2 லிட்டர் கறக்கும் ஆட்டுக்கு அந்தப் பாலுக்காக மட்டுமே 5 கிராமுக்கு மேல் தேவை. 15 கிராம் தாது உப்பு தருவது 3 கிராம். மீதிக்குப் பயறுவகைத் தழை வேண்டும். ஈன்ற வாரத்தில் ஆடு தள்ளாடி, காது சில்லிட்டுப் படுத்தால் இரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது என்று சந்தேகிக்கலாம். அப்போது தாது உப்பு உதவாது, மருத்துவர் ஏற்றும் கால்சியம்தான் உதவும். வாய்வழி டானிக் ஊற்றுவதானால் தலையைக் கண் மட்டத்துக்கு மேல் தூக்காமல், வாயோரத்தில் மெதுவாக விடுங்கள். அண்ணாந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும்.

பையைத் திறந்ததும் மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றி நிழலில் வையுங்கள். ஈரமும் வெயிலும் பட்டால் அயோடின் முதலில் குறையும். பலனை இரண்டு வாரத்தில் எதிர்பார்க்காதீர்கள். மண் தின்பது சில வாரங்களில் குறையலாம், முடியின் நிறம் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குப் பிறகும் மாற்றமில்லை என்றால் இரத்தத்தில் தாமிரம் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஈரல் சேமிப்பு காலியாகும்வரை இரத்த அளவு சரியாகவே காட்டும். மந்தையில் ஏதேனும் ஒரு ஆடு இறந்தாலோ அறுக்கப்பட்டாலோ அதன் ஈரல் துண்டைக் கால்நடை மருத்துவர் மூலம் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கூடவே குடிநீரும் தீவனமும் கொஞ்சம் போகட்டும்.