முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கவனிப்பு நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படுக்கையோடு இருக்கும் பெற்றோரைச் சேர்க்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வரவேற்பறையின் பளபளப்பில் மயங்காதீர்கள், அது வந்துபோகிறவர்களுக்காக.

முதலில், இரவில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், அவர்களில் செவிலியர் எத்தனை பேர் என்று கேளுங்கள். குறை தெரிவது இரவிலும் விடுமுறை நாளிலும்தான். ஊழியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்றும் விசாரியுங்கள். மாதத்துக்கொரு புது முகம் வந்தால், பெரியவருக்கு எந்தப் பக்கம் வலிக்கும் என்பதே யாருக்கும் தெரியாது.

படுக்கைப் புண் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். தானாகப் புரள முடியாதவரைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது பொதுவான வழக்கம். அதற்கான பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். சேர்த்த பிறகும் முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகியவற்றை நீங்களே பாருங்கள். தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. எடையையும் மாதாமாதம் பார்க்க வேண்டும். காரணமில்லாமல் குறைந்தால், ஊட்டிவிட ஆளில்லையோ என்று சந்தேகப்படலாம்.

சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? மணி அடித்தால் யாராவது வருகிறார்களா? ஒருநாள் சிறுநீர் வாடை அடிப்பது பெரிய விஷயமில்லை. எப்போது போனாலும் அடித்தால் உஷார். பட்டப்பகலில் எல்லோரும் தூங்கி வழிந்தால், தூக்க மருந்து யார் சொல்லித் தரப்படுகிறது என்று கேட்டுவிடுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வரவே கூடாது என்கிற இல்லத்தை நானாக இருந்தால் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன்.