கோலாலம்பூர் வெயிலில் காருக்கு ஸ்ப்ரே வேக்ஸ் (பளபளப்புக்காகத் தெளிக்கும் மெழுகு) அடித்தால் கோடு கோடாகத் தெரிகிறதே, ஏன்?

பெரும்பாலும் தகடு சூடாக இருந்திருக்கும், இல்லையென்றால் வேக்ஸ் அதிகமாகியிருக்கும். மதியம் வெளியில் நின்ற காரின் பானெட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி தாங்க முடியவில்லையா? துடைப்பதற்குள் வேக்ஸ் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கொண்டோவின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) அடித்தளப் பார்க்கிங்கே சரியான இடம், எஞ்சின் ஆறட்டும்.

முதலில் கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். தூசி மேல் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும்.

ஒரு கதவுக்கு இரண்டு அழுத்து போதும், அதையும் மைக்ரோஃபைபர் துணியில் அடியுங்கள். காற்றில் பறந்து பிரேக் டிஸ்க்கில் படிந்தால் ஆபத்து. நேர்கோட்டில் பரப்பி, காயவிடாமல் இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். துணியை நான்காக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஈரமான பக்கத்தாலேயே திரும்பத் திரும்பத் தேய்ப்பதால்தான் பாதிக் கோடுகள் விழுகின்றன.

விழுந்த கோட்டுக்குப் பாலிஷ் எல்லாம் வேண்டாம். அதே இடத்தில் ஒரு அழுத்து அடித்து உடனே துடைத்தால் பழையது கரைந்து வந்துவிடும். பெயின்ட் இல்லாத கறுப்பு பிளாஸ்டிக்கைத் தொடாதீர்கள், வெள்ளை படியும்.

மாலை மழையில் நீர் முத்து முத்தாக நிற்காமல் படர்ந்தால், மறுபடி அடிக்கலாம்.